ஞாயிறு மாலைக்கு மாறிய லீக்

மச்சான்,

இன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் என் மானம் போனது. காரணம் நீதான்.

சிவப்பு விழுந்ததும் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஜல்லி லாரி. பச்சை விழும்வரை பொறுக்காமல் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினான். அதே சத்தம். அடித்தொண்டையில் கனைத்துக்கொண்டு தொடங்கி, நீண்டு, முடிகிற இடத்தில் லேசாக உடைகிற சத்தம். நான் யோசிக்கவே இல்லை. என் இரண்டு கைகளும் தாமாகத் தலைக்கு மேலே போய்விட்டன. நேரம் முடிந்தது, ஆட்டம் நின்றது என்று நடுவர் காட்டுகிற சைகை. நாற்சந்தியில், ஹெல்மெட்டோடு, மீன் வாங்கும் பையை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு காட்டினேன்.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டினான். "இன்னா சார், சரண்டர் ஆயிட்ட? போலீஸ் கூட இல்லியே!" ஆட்டோவிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பச்சை விழுந்து எல்லாரும் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓரமாக நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். போய்க்கொண்டிருந்ததும் உன் கடைக்குத்தான். கடை மாடியில் இன்று கூட்டம். ஆறு டீம் லீக்கை எட்டு டீம் ஆக்குவதா, ஆக்கினால் எந்த முறையில் ஆடுவது என்று பேச வேண்டும். மாடிப்படி ஏறும்போது டயர் வாடை வந்தது. உன் தம்பி கம்ப்ரஸரை ஓடவிட்டிருந்தான். நீ மட்டும்தான் இல்லை.

அதே சத்தம் போடுகிற ஹாரன் உன் கைக்கு வந்த கதையை நீ எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பாய்! உண்மை எனக்குத் தெரியும். உடைக்கப் போன ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றியது. ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதி முடியும்போதும் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சைரன் அடிப்பார்கள் என்று சொல்லி, கடையில் இருந்த சின்ன கம்ப்ரஸரோடு அதைப் பொருத்தி, ஏரிக்கரை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். முதல் தடவை நீ அதை அடித்தபோது பீர்க்கன்கரணை ஏரியில் இருந்த கொக்கு அத்தனையும் எழும்பிவிட்டன. தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, யார் வீட்டு லாரி வழி தெரியாமல் உள்ளே வந்துவிட்டது என்று கேட்டார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு அது 'சங்கு'.

மெல்பர்னில் ஒரு டயர் கிடங்கில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, உன் அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, கடையைப் பார்க்கத் திரும்பி வந்தவன் நீ. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். நீ இரண்டு பந்து கொண்டுவந்தாய். அதுவும் ஒழுங்கான உருண்டையாக இல்லை, முட்டை மாதிரி. பீர்க்கன்கரணையில் என் வீட்டு வாசலில் நின்று அதை என் மேல் எறிந்து, "புடி மச்சான்" என்றாய். பிடிக்கத் தெரியாமல் மூக்கில் வாங்கிக்கொண்டேன். எங்கள் நட்பு பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான், அடி எப்போதும் எனக்குத்தான்.

ஆட்டத்தை நீ விளக்கிய விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பந்தை முஷ்டியால் குத்திப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தரலாம், எறிய மட்டும் கூடாது. மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுவில் உயரமாக இரண்டு, ஓரங்களில் குட்டையாக இரண்டு. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரமாகப் போனால் ஒன்று. இன்னொருவன் உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் மார்க். பிடித்தவனை யாரும் தொடக் கூடாது, அவன் நிதானமாக நின்று உதைக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, உனக்கு ரொம்பப் பிடித்த விதியைக் கடைசியில் சொன்னாய். "இதுல ஆஃப்சைடே கெடையாது மச்சான். யாரு வேணா எங்க வேணா நிக்கலாம். இங்க ஏன் வந்தன்னு எவனும் கேக்க முடியாது." இந்த ஒரு விதிக்காகவே நீ இந்த ஆட்டத்தில் மயங்கிக் கிடந்தாய் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வேலை ஒரகடத்துத் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில். எதையும் பாஸ், ஃபெயில் என்று பிரித்தே பழகியவன். அதனால்தானோ என்னவோ, என்னை நடுவர் ஆக்கினாய்.

நான்கு டீம் சேர்ந்தது. உங்கள் ராஜகீழ்ப்பாக்கம், எங்கள் பீர்க்கன்கரணை, சேலையூர், படப்பை. கம்பங்களுக்குச் சவுக்குக் கழி வாங்கிச் சுண்ணாம்பு அடித்தோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டம். ஒவ்வொரு டீமும் மற்ற ஒவ்வொன்றோடும் மூன்று முறை மோதும், கடைசியில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்குள் இறுதி ஆட்டம். பல வருஷம் இதே முறைதான். யார் எந்தக் காலால் உதைப்பான், யாருக்கு எப்போது மூச்சு வாங்கும், யார் தோற்றால் யாரைத் திட்டுவான் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று சொன்னாய், "நாலு பேரு ஒருத்தன ஒருத்தன் அடிச்சிகினு இருந்தா அதுக்குப் பேரு லீக் இல்ல மச்சான். குடும்ப சண்டை."

சொன்னதோடு நிற்கவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு கல்லூரிப் பசங்க டீமைப் பிடித்துவந்தாய். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்திலிருந்து இன்னொரு டீம். குப்பத்து டீமின் கேப்டன் தேசிங்கு. மெலிந்த ஆள், தோள் மட்டும் வலை இழுத்து இழுத்து அகன்றது. ஒரு நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தான். வேலியோரம் போன பந்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்தவன் கைக்குச் சரியாகத் திருப்பி உதைத்தான். உன் கண் விரிந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டாய்.

பழைய கேப்டன்களுக்கு இது ரசிக்கவில்லை. முக்கியமாகச் சேலையூர் பிரபுவுக்கு. புதிதாக வருகிறவர்கள் தனியாக இரண்டாம் பிரிவு என்று ஆடட்டும், நன்றாக ஆடினால் பிறகு மேலே கொண்டுவரலாம் என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. நீ அவனிடம் சத்தம் போடவில்லை. "ரெண்டே டீமு. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்துகினு ஆடணும், நம்மகூட ஆடாமயே நம்மள மாதிரி ஆடக் கத்துக்கணும். எப்டி பிரபு?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்கிறவன் மாதிரி கேட்டாய். ஒரே பட்டியல், ஆறு டீம், எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை. ஆனி மாதம் தொடங்கி, புரட்டாசியில் மழைக்கு முன்பு இறுதி ஆட்டம் என்று முடிவாயிற்று. பிரபு தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தான். மூன்று முறை ஆட்டத்துக்கு வராத டீம் லீக்கை விட்டு வெளியே.

முதல் ஞாயிறு குப்பத்து டீம் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. எதிர் டீமுக்கு வாக் ஓவர் கொடுத்து நான்தான் கையைத் தூக்கினேன். போன் போட்டால் தேசிங்கு எடுக்கவில்லை, சாயங்காலம் கூப்பிட்டு, "சாரிண்ணா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றான். பிரபு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். மூன்றாவது ஞாயிறு அவர்களுக்கு ஆட்டம் உங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தோடு. ஏழு மணி ஆகியும் ஒருவனும் இல்லை. என்னைக் கையைத் தூக்க விடாமல் பிடித்துக்கொண்டாய். "பத்து நிமிஷம் ஆட்டத்த நிறுத்திவெக்க முடியுமா?" என்றாய். முடியாது என்றேன். "அப்ப ஒரு வாரம் நிறுத்திவை" என்று சொல்லிவிட்டு என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டாய்.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலை வரைக்கும் நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே வந்தேன். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா, வர முடியாதவன் எதற்குப் பேர் கொடுக்கிறான், இப்படிப் போனால் நாளைக்கு எல்லாரும் இதையே செய்வார்கள். குப்பத்துக்கு முன்னாலேயே சாலையோரம் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. குடைகளுக்குக் கீழே பலகைகள். பலகை நிறையச் சங்கரா, கானாங்கத்த, நெத்திலி, ஒரு பெரிய வஞ்சிரம். ஒரு பலகைக்குப் பின்னால் நம் தேசிங்கு, முழங்கை வரை செதிலோடு, குனிந்த தலை நிமிராமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மற்ற பலகைகளில் நம் லீக்கின் ஆறாவது டீம் மொத்தமும் இருந்தது. முன்கள ஆட்டக்காரன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அக்கா கன்னியம்மாதான் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம்மைப் பார்த்ததும் தேசிங்கு எழுந்து நின்றுவிட்டான். நான் விறைப்பாக நின்றேன். கன்னியம்மா அக்கா என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தது. வண்டிக் கொக்கியில் தொங்கிய பையையும் பார்த்தது. ஆட்டம் முடிந்து மீன் வாங்கிவரச் சொல்லி என் மனைவி ஞாயிறுதோறும் மாட்டிவிடுகிற பை.

"அம்பயர் சார் வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்றது.

"மீன் கொழம்பு" என்றேன்.

"இவன் அங்க வந்து முட்டைய ஒதைச்சிகினு இருந்தா, உன் மீன யாரு சார் புடிச்சி, ஆஞ்சி, பையில போடறது? ஊரே ஞாயித்துக்கெழம திங்குது. எங்களுக்கு வாரத்துல பொழப்பே அந்த ஒரு காலைதான்."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு கேப்டன்கள் கூடி உட்கார்ந்து, கைதட்டி, ஞாயிறு காலை ஏழு மணி என்று முடிவு செய்தோம். ஐந்து டீமில் இருந்த ஒவ்வொருவனுடைய வண்டியிலும் ஆட்டம் முடிந்து மீன் வாங்க ஒரு பை தொங்கியது. அந்த மீனை விற்பவனை எங்களோடு மைதானத்தில் நிற்கச் சொல்லியிருந்தோம். எங்கள் ஒருவன் மண்டையிலும் இது ஏறவில்லை.

"நீ ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்று தேசிங்குவைக் கேட்டாய். அவன் கத்தியைப் பலகையில் துடைத்துக்கொண்டே, "எந்த நாளும் ஓகேன்னு சொல்லாங்காட்டி சேத்துக்க மாட்டீங்கோன்னு நெனச்சோம் பாய். எப்டியாச்சும் ஆள மாத்தி வந்துர்லாம்னு பாத்தோம். முடியல" என்றான். உன் சிரிப்பு அங்கே நின்றது. திரும்பி வரும்போது பையில் ஒரு கிலோ சங்கரா இருந்தது.

அந்த வாரம் முழுக்க நீ பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். உன்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருக்கிற விஷயங்களை எண்ணினால் அந்த வாரம்தான் முதலில் வரும். நடந்துகொண்டிருக்கிற லீக்கை நடுவில் நிறுத்தி, முறையையே மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னாய். ஞாயிறு மாலை ஆடுவோம் என்றாய். பிரபு வேறு வழி சொன்னான். "பாய், புரட்டாசில எவனும் மீன் வாங்க மாட்டான். அவங்க ஆட்டத்த எல்லாம் அந்த மாசத்துல வெச்சிட்டா போச்சு. நம்ம காலையிலயே ஆடிக்கலாம்." சாமர்த்தியமான யோசனைதான், எனக்கே ஒரு நிமிஷம் பிடித்திருந்தது. "அப்ப நமக்கு நாலு மாசம் லீக்கு, அவங்களுக்கு ஒரு மாசமா?" என்று கேட்டாய். "அவங்க ஊர் வயித்துக்கு வேலை செய்யற நாள்ல நம்ம ஆடறோம். ஊர் வயித்த கட்டிகினு கெடக்கறப்ப அவங்க ஆடணும். இது நல்லாவா கீது?"

மாலையில் மைதானம் கிரிக்கெட் பசங்களுடையது. நீ போய் அவர்களிடம், காலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையை எங்களுக்குக் கொடுங்கள் என்றாய். வெயிலில் வதங்கிக்கொண்டிருந்த பசங்களுக்கு நம்பவே முடியவில்லை. இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடுத்த சிக்கல் வெளிச்சம். காலையில் மூன்று ஆட்டம் நடத்தினோம், மாலையில் மூன்றரைக்கு ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் இரண்டு முடிப்பதே கஷ்டம். கால் பகுதியின் நேரத்தைக் குறைத்துவிடலாம் என்றாய். படப்பை கேப்டன் கோபப்பட்டான், அப்புறம் அது ஆட்டமே இல்லை என்றான். "ஆட்டம் கொஞ்சம் கொறையட்டும் கேப்டன். ஆள் கொறைய வேணாம்" என்றாய். இரண்டாவது ஆட்டம், சூரியன் சாய்ந்ததும் வருகிற மஃரிபு தொழுகைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும் என்பது உன் சொந்தக் கணக்கு. அதை மட்டும் என்னிடம்தான் சொன்னாய். கொடுத்த இரண்டு வாக் ஓவர்களையும் ரத்து செய்து அந்த ஆட்டங்களைத் திரும்ப வைக்கலாம் என்று நடுவரான நானே சொன்னேன். நீ என்னை அதிசயமாகப் பார்த்தாய்.

கடைசியாக இறுதிச் சுற்று. ஆறு டீம் ஆன பிறகு முதல் இரண்டு பேர் மட்டும் என்றால், மற்றவர்களுக்குப் பாதியிலேயே ஆர்வம் போய்விடும். முதல் நான்கு பேர் வரட்டும், அதில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு என்றாய். யாருக்கும் விளங்கவில்லை. ஏரிக்கரை டீக்கடை மேஜையில் நான்கு கிளாஸை வரிசையாக வைத்தாய். இது முதலிடம், இது இரண்டாமிடம், இவர்கள் இரண்டு பேரும் மோதுவார்கள். ஜெயித்தவன் நேராக இறுதி ஆட்டத்துக்கு. தோற்றவன் வீட்டுக்குப் போக மாட்டான், இங்கே வந்து நிற்பான். மூன்றும் நான்கும் மோதி, ஜெயிப்பவன் இவனோடு மோதுவான். நீ கிளாஸ்களை நகர்த்தி நகர்த்திச் சொல்ல, எல்லாரும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தோம். சரியாகப் புரிகிற நேரத்தில் டீ மாஸ்டர் வந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "யோவ், படப்பை எங்கய்யா?" என்று அந்த கேப்டன் பதறினான். "கழுவப் போயிருக்கு சார்" என்றார் மாஸ்டர். தோற்றவனுக்கு எதற்கு இரண்டாவது உயிர் என்று அன்று முணுமுணுத்த அதே படப்பைதான், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்று, அந்த இரண்டாவது உயிரில் பிழைத்து, அந்த வருஷம் கோப்பையை வாங்கியது. நீ அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. நானாக இருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

அப்போதே உனக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஞாயிறு மாலை மட்டும், கால் வீங்கியிருந்தாலும், எல்லைக்கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கடிகாரமும் பக்கத்தில் சங்குமாக உட்கார்ந்திருப்பாய். நேரத்துக்கு நீ, ஆட்டத்துக்கு நான். லீக் சுற்றின் கடைசி ஆட்டம் குப்பத்துக்கும் உங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும். ஜெயிக்கிறவனுக்கு நான்காவது இடம், தோற்கிறவனுக்கு அடுத்த வருஷம். கடைசிக் கால் பகுதி முடியப்போகிற நேரத்தில் உங்கள் டீம் நான்கு புள்ளி முன்னால் இருந்தது. உயரே வந்த பந்தை, இரண்டு பேர் தோளுக்கு மேலே எழும்பித் தேசிங்கு பிடித்தான். சுத்தமான மார்க். நான் விசில் ஊதினேன். உதைப்பதற்காக அவன் பின்வாங்கி நடந்துகொண்டிருக்கும்போதே நீ சங்கை ஊதினாய்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். உங்கள் பசங்க ஜெயித்துவிட்டதாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அவர்களுக்கு விதி மறந்துபோயிருந்தது. சங்கு ஊதும்போது பந்து ஒருவன் கையில் மார்க்காக இருந்தால், அவன் அந்த ஓர் உதையை உதைக்கலாம், அது செல்லும். அதை மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னவன் நீ. நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து, "டேய், தள்ளி நில்லுங்கடா, அவன் இன்னும் ஒதைக்கல!" என்று கத்தினாய். தேசிங்கு ஓடிவந்து உதைத்தான். பந்து சவுக்குக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவில் நேராகப் போயிற்று. ஆறு புள்ளி. உங்கள் பையன் ஒருவன் உன்னிடம் ஓடிவந்து, "இன்னா பாய், நம்ம டீமு பாய்! ரெண்டு செகண்டு முன்னாடி ஊதியிருக்கலாமே!" என்று அழுதான். "கடிகாரம் என் மடியிலதான்டா இருந்திச்சி. பந்து அவன் கையில இருந்திச்சே" என்றாய். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் தேசிங்குவுக்காகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாய். அந்த நிமிஷம் உன் சிநேகிதனாக இருப்பதில் எனக்கு இருந்த கர்வத்தை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கம்பத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்த சமயத்தில் நீ போய்விட்டாய். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது, மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். பள்ளிவாசல் வாசலில் உன் லீக் முழுவதும் நின்றது. படப்பை, கூடுவாஞ்சேரி, அழுது முகம் வீங்கிய பிரபு. குப்பத்து டீம் ஓர் ஓரமாக, தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றது. கன்னியம்மா அக்காவும் வந்து உன் வீட்டுப் பெண்களோடு உள்ளே இருந்தது. கபரில் மூன்று கைப்பிடி மண் போடும்போது தேசிங்கு என் முன்னால் நின்றான். எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. என்ன கிழமை என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். பல்லாவரத்திலிருந்து ஒரு டீம், ஒரகடத்துத் தொழிற்சாலைப் பசங்க ஒரு டீம், இரண்டு பேரும் சேர வந்திருந்தார்கள். எட்டு டீம் ஆனால் நான்கு நான்காக இரண்டு பிரிவு வைக்கலாம் என்று மறுபடியும் பேச்சு வந்தது. இந்தத் தடவை கிளப்பியது பிரபு இல்லை, கூடுவாஞ்சேரி! நேற்று வந்தவர்களுக்கு இன்றைக்கு நாளை வருபவன் மேல் சந்தேகம். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தேசிங்கு ஒரகடத்துப் பையனைப் பார்த்து, "தம்பி, அதெல்லாம் அப்பறம். உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் வர முடியாது? மொதல்ல அத்த சொல்லு" என்றான்.

அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த நாளும் ஓகேண்ணா" என்றான்.

மாடி முழுக்கச் சிரித்தது. பிரபுதான் சத்தமாகச் சிரித்தான். பையன் மிரண்டுபோனான். தேசிங்கு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாங்களும் இப்டித்தான் சொல்லிகினு வந்தோம்" என்று ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் உண்மை வந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவர்களுக்கு ஞாயிறு மாலை ஷிஃப்ட். எட்டு டீமும் ஒரே பட்டியலில், அந்த ஷிஃப்டுக்குத் தக்கபடி ஆட்ட வரிசை போடுகிறோம். நாலு கிளாஸ் விளக்கத்தை நான் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி வரவில்லை. மாஸ்டரும் இல்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. உன்னை அடக்கம் செய்த அடுத்த வாரம், வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பையை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். கன்னியம்மா அக்கா மீனை எடை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர், காரில் வந்தவர், சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா நீங்க, போன வாரம், புரட்டாசி முடிஞ்சு முதல் ஞாயிறு, ஒரு மாசமா வாயைக் கட்டிட்டு ஆசையா வந்தேன். இந்தப் பக்கம் ஒரு பலகை கூட இல்லை. வருஷத்திலேயே நல்ல வியாபாரம் அன்னைக்குத்தானே? எங்கே போனீங்க எல்லாரும்?"

அக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில ஒரு மேட்ச் இருந்திச்சி சார்" என்றது.

உன்னை எடுத்த நாளின் கிழமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மச்சான். வரிசையில் நின்றபடியே அழுதேன். அக்கா ஒன்றும் கேட்காமல் சங்கராவை ஆய்ந்து பையில் போட்டது.

அந்தப் பையைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அதில் மீன் வரும். மாலையில் கழுவிக் காயவைத்து, உன் சங்கை அதில் போட்டு மைதானத்துக்கு எடுத்துப் போகிறேன். எவ்வளவு கழுவினாலும் உன் சங்கில் இப்போது கொஞ்சம் மீன் வாடை அடிக்கிறது. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்.